அந்தக் கட்டத்தில் எந்த எண்ணை எழுதட்டும்?

மருத்துவக் கல்லூரிகளுக்குப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் அமரும் பெரியவர்களுக்கும், அந்தத் தேர்வுக்கு விதி எழுதும் தேசிய மருத்துவ ஆணையத்தாருக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரியில் 24 வருடமாக நூலகர். உங்களில் பலர் பி.ஜி. படித்த காலத்தில் என்னைப் போன்ற யாரிடமாவது திட்டு வாங்கியிருப்பீர்கள், எடுத்த புத்தகத்தை ஆறு மாதம் ஹாஸ்டலில் வைத்திருந்ததற்காக. இப்போது புத்தகம் எடுக்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தீசிஸில் எத்தனை சதவீதம் காப்பி என்று பார்க்க வருகிறார்கள். பதவி உயர்வு நெருங்கும்போது மேற்கோள் கணக்குக்கு, அதாவது தங்கள் கட்டுரைகளை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக்காட்டினார்கள் என்ற கணக்குக்குச் சான்று வாங்க வருகிறார்கள். இந்த மடல் அந்தச் சான்றைப் பற்றியது.

போன மாதம் ஒரு படிவம் வந்தது. எங்கள் கல்லூரியில் சிறுநீரகத் துறை இணைப் பேராசிரியராக இருக்கும் ஓர் அம்மா, வேறொரு கல்லூரியில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார். சிறுநீரகம் கெடும்போது உடம்பில் பொட்டாசியம், அமிலம், சர்க்கரை எல்லாம் எப்படிக் குலைகின்றன என்பதுதான் அவர் வருடக்கணக்கில் பார்த்துவரும் விஷயம். அவருடைய மொத்த மேற்கோள் எண்ணிக்கையையும், அதிலிருந்து போடும் ஹெச்-இண்டெக்ஸ் என்ற ஒற்றை மதிப்பெண்ணையும் நூலகர் கையெழுத்திட்டு, வியாழக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டுமாம். அதற்காகப் படிவத்தில் விட்டிருந்த கட்டம் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

இரண்டு வருடம் முன்பு இதே அம்மா இன்னொரு கல்லூரியில் இதே பதவிக்கு இன்டர்வியூ போய் வந்தார். எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன், அது இங்கே தேவையும் இல்லை. உள்ளே இருந்தது ஐந்து நிமிடம். "ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு மேடம்?" என்று ஒருவர் கேட்டார், இவர் சொன்னார், அவர் எழுதிக்கொண்டார், ஃபைலை மூடிவிட்டார்கள். என்ன ஆராய்ச்சி செய்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் நூலகத்துக்கு வந்து, "ஏங்க, அந்த நம்பர் சரிதானா?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. இப்போதும் இல்லை. ஏன் இல்லை என்பதை விரிவாகச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

முதல் சங்கடம், எந்தக் கடையில் கேட்பது என்பது. மேற்கோளை எண்ணித்தரும் இணையதளங்கள் பல. கூகுள் ஸ்காலரில் அவருக்கு ஒரு எண். ஸ்கோபஸில் அதைவிடக் குறைவு. வெப் ஆஃப் சயின்ஸில் இன்னும் குறைவு. மூன்றும் பொய் இல்லை. கூகுள் ஸ்காலர் வலையில் கிடக்கும் தீசிஸ், புத்தகம், கருத்தரங்கச் சுருக்கம் எல்லாவற்றையும் அள்ளும். மற்ற இரண்டும் தங்கள் பட்டியலில் இருக்கும் இதழ்களை மட்டும் எண்ணும். உங்கள் படிவத்தில் எதைப் பார்த்து எழுத வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. விவரம் தெரிந்த விண்ணப்பதாரர் பெரிய எண்ணை எழுதுவார். பயந்த சுபாவம் உள்ளவர் சின்ன எண்ணை எழுதுவார். நீங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவீர்கள்.

இரண்டாவது சங்கடம் நம் பெயர். வெளிநாட்டில் தயாரான எந்த மென்பொருளுக்கும் தமிழ்ப் பெயர் பிடிபடுவதில்லை. இந்த அம்மா முதல் கட்டுரை எழுதியபோது கல்யாணம் ஆகவில்லை. அப்பாவின் இனிஷியலோடு பெயர் வந்தது. பிறகு கணவரின் இனிஷியல். பிறகு ஒரு மாநாட்டுக்காகப் பாஸ்போர்ட் எடுக்கப் போனால் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பெயரை முழுசாக எழுதிக் கொடுத்தார். அடுத்த கட்டுரைகள் எல்லாம் அந்தப் பெயரில். ஆக ஸ்கோபஸில் ஒரே ஆள் மூன்று ஆட்களாக நின்றார். அவரை மேற்கோள் காட்டும் வெளிநாட்டுக் கட்டுரைகளில் அவர் பெயரே காணோம், அவருடைய அப்பா பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெரியவர் தறி ஓட்டியவர். கிட்னியைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனாலும் மேற்கோள் அவர் கணக்கில் ஏறுகிறது, பாவம், அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட் 2002-க்கு முன்பு ஆசிரியரின் முழுப் பெயரைச் சேமிக்கவே இல்லை, இனிஷியல் மட்டும்தான். குமார் எஸ் என்று தேடினால் எத்தனை குமார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு குமாரின் கணக்கில் இன்னொரு குமாரின் கட்டுரை சேர்ந்து கிடப்பதை நான் வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். பல்லுக்கு வேர் சிகிச்சை செய்கிறவரின் பக்கத்தில் மாட்டுத் தீவனக் கட்டுரை. அவர் நீக்கச் சொல்லவில்லை, எண் கூடுகிறதல்லவா. இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2012 அக்டோபரில் ஆர்கிட் என்ற அடையாள எண் வந்தது, ஆளுக்கு 16 இலக்கம், இலவசம். அந்த அம்மாவை உட்காரவைத்து ஒரு மதியம் முழுக்க அதைச் சரிசெய்தோம். மூன்று ஆட்களையும் ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கு எழுதினோம். திருத்தம் வந்த அன்று அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் ஒரே நாளில் 4 கூடியது. அன்று அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வார்டுக்குப் போனார், ரவுண்ட்ஸ் பார்த்தார், வீட்டுக்குப் போனார்.

உங்களுக்குப் புரியும்படி உங்கள் மொழியிலேயே சொல்லிப் பார்க்கிறேன். தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், 24 வருடம் உங்கள் புத்தகங்களுக்கு அட்டை போட்டதில் ஒட்டிக்கொண்ட அறிவுதான்.

சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.2 என்று லேபிலிருந்து ஒரு சீட்டு வருகிறது. யாருடைய ரத்தம் என்று பார்க்காமல் உங்களில் ஒருவராவது அதை வைத்து முடிவு சொல்வீர்களா? 25 வயசு, 80 கிலோ, ஜிம்முக்குப் போகும் பையன் என்றால், காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரப்படி அவனுடைய சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 106 மி.லி. சுத்தம் செய்கிறது. கவலை இல்லை. அதே 1.2, எழுபது வயசு, 40 கிலோ பாட்டி என்றால் கணக்கு 28-க்கு இறங்கிவிடுகிறது. பாட்டிக்கு மருந்தளவைக் குறைக்க வேண்டும், வலி மாத்திரையைப் பிடுங்கி எறிய வேண்டும். எண் ஒன்றுதான். வயசையும் எடையையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்த பிறகுதான் அதற்கு அர்த்தம் வருகிறது. இன்னொன்றும் நீங்கள்தான் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறீர்கள்: கிரியேட்டினின் தாமதமாக ஏறும், சிறுநீரகம் பாதி கெட்டும் அது நார்மலாகவே இருக்கலாம் என்று. ரத்தச் சீட்டில் இவ்வளவு விவரமாக இருக்கிறவர்கள், சக டாக்டரின் ஆயுள்கால வேலையை மட்டும் வயசு, எடை இல்லாத ஒரு எண்ணை வைத்து எடைபோடுகிறீர்கள்.

ஹெச்-இண்டெக்ஸ் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு துறைத்தலைவர் அதை மொத்தக் கட்டுரைகளின் சராசரி என்று எனக்கே விளக்கியபோதுதான் சந்தேகம் வந்தது. குறைந்தது 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 10 கட்டுரைகள் இருந்தால் 10. அவ்வளவுதான். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு முன்வைத்தது. ஒற்றை எண் ஒரு மனிதரின் பல பக்கங்களைத் தோராயமாகத்தான் காட்டும் என்று அந்தக் கட்டுரையிலேயே அவர் எச்சரித்தும் இருக்கிறார். இந்த எண் வயசோடு ஏறும், ஒருநாளும் இறங்காது. 60 பேரில் ஒருவராகப் பெயர் போட்டதற்கும், தனி ஆளாக ராத்திரி கண்விழித்து எழுதியதற்கும் ஒரே மதிப்பு.

இதழ்களுக்குப் போடும் இம்பாக்ட் ஃபேக்டர் என்ற மதிப்பெண் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கோபமே உண்டு. அது எங்கள் வீட்டுச் சாமான். மேற்கோள்களுக்கு அட்டவணை போடலாம் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் சயின்ஸ் இதழில் எழுதினார். 1964-இல் அந்த அட்டவணை வெளிவந்தது. அதில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று பார்க்க ஓர் அளவு தேவைப்பட்டது. முந்தைய இரண்டு வருடத்தில் ஓர் இதழ் வெளியிட்ட கட்டுரைகள் இந்த வருடம் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு பிறந்தது. பட்ஜெட் பற்றாத நூலகர்கள் எந்த இதழுக்குச் சந்தா கட்டுவது, எதை நிறுத்துவது என்று பார்க்க அது உதவியது. இதழை வாங்கலாமா என்று பார்க்க வைத்திருந்த தராசில் ஆளை ஏற்றி நிறுத்தியது யார் என்று தெரியவில்லை, நாங்கள் இல்லை. அந்தச் சராசரியும் சராசரி போலவே நடந்துகொள்ளும். ஓரிரு கட்டுரைகள் மேற்கோள்களை அள்ளிக் குவிக்கும், மீதி எல்லாம் அந்த நிழலில் உட்கார்ந்திருக்கும்.

மேற்கோள் எண்ணிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதற்கு உங்கள் துறையிலிருந்தே இரண்டு கட்டுரைகளைக் காட்டுகிறேன்.

ஒன்று, மேலே நான் கணக்குப் போட்ட அதே காக்ராஃப்ட்-கால்ட். 1976, நெஃப்ரான் இதழ். கனடாவில் 249 நோயாளிகளை வைத்துச் செய்தது, கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு 0.85-ஆல் பெருக்குங்கள் என்பது அவர்கள் அளந்து கண்டதல்ல, ஒரு மதிப்பீடு. பிறகு அதே வேலைக்கு எம்டிஆர்டி என்ற சூத்திரம் வந்தது, 2009-இல் சிகேடி-எபி என்ற சூத்திரம் வந்தது, 2021-இல் அதில் நோயாளியின் இனத்தைப் பார்த்து எண்ணை மாற்றும் கணக்கையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மருந்தளவு பார்க்க இன்றைக்கும் இந்தப் பழைய சூத்திரத்தைத்தான் பல இடங்களில் போடுகிறார்கள். பல்லாயிரம் மேற்கோள். அதன் முதல் ஆசிரியர் டொனால்ட் காக்ராஃப்ட் அதற்குப் பிறகு ஆஸ்துமா பக்கம் போய், வாழ்நாள் முழுக்க மூச்சுக்குழாயை ஆராய்ந்தார். உங்கள் படிவத்தை நிரப்பினால் அவர் உலகத்தின் தலைசிறந்த சிறுநீரக ஆய்வாளர்களில் ஒருவர். அவரே சிரித்துவிடுவார்.

இன்னொன்றைச் சொல்லும்போது சிரிப்பு வராது. 2003-இல் லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில் ஜப்பானிலிருந்து கோஆப்பரேட் என்ற ஆய்வு வந்தது. சர்க்கரை அல்லாத காரணத்தால் சிறுநீரகம் கெட்ட 263 பேர். இரண்டு வகை ரத்த அழுத்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான் நோய் முற்றியது, ஏதாவது ஒன்றை மட்டும் சாப்பிட்டவர்களில் 23 சதவீதம் என்றது. எந்த டாக்டர்தான் மயங்க மாட்டார்? உலகமெங்கும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மேற்கோள்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. 2008-இல் 25,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆன்டார்கெட் ஆய்வு, சேர்த்துக் கொடுத்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான் கூடுகிறது என்றது. அதே வருடம் கோஆப்பரேட்டின் புள்ளிவிவரங்கள் பொருந்தவில்லை என்று சிலர் லான்செட்டுக்கே எழுதினார்கள். பல்கலைக்கழகம் விசாரித்தது. யாருக்கு எந்த மருந்து என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் வைக்கும் இரட்டை மறைப்பு என்று சொன்னது நடக்கவில்லை, தரவுகளின் உண்மைத்தன்மையை உறுதிசெய்ய முடியவில்லை என்று தெரிந்தது. 2009 அக்டோபரில் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2013-இல் அமெரிக்க ராணுவ முன்னாள் வீரர்களிடம் சர்க்கரை நோய்ச் சிறுநீரகத்துக்கு இதே கூட்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வையும், பொட்டாசியம் ஏறுகிறது, சிறுநீரகம் திடீரென்று பழுதாகிறது என்று பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இப்போது யோசியுங்கள். 2006-இல் அந்த ஆய்வாளர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? லான்செட், முதல் பெயர், நூற்றுக்கணக்கில் மேற்கோள். எழுந்து நின்று கைகொடுத்திருப்பீர்கள். இந்தக் கட்டுரை தப்பு என்று சொல்வதற்காக வந்த மேற்கோளும் ஏறுமுகமாகத்தான் எண்ணப்படும். திரும்பப் பெற்ற பிறகு, விஷயம் தெரியாமல் இன்னும் யாரோ காட்டும் மேற்கோளும் அப்படியே. இதைத் தனியாகப் பிரித்துக் காட்டும் ஒரு பட்டனும் என் கணினியில் இல்லை. கட்டுரையைத் திறந்து படித்தால்தான் தெரியும்.

பெரும் கூட்டாக எழுதும் கட்டுரைகள் இன்னொரு கதை. 2020-இல் லான்செட்டில் வந்த உலக நோய்ச்சுமைக் கணக்கு 2017-இல் உலகம் முழுக்க சுமார் 70 கோடிப் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்ததாகச் சொல்கிறது, அதில் இந்தியாவில் மட்டும் 11.5 கோடி. முக்கியமான வேலை, நானே பலருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதில் கையொப்பமிட்டவர்கள் நூற்றுக்கும் மேல். அந்த ஒரு கட்டுரையின் மேற்கோள் அத்தனை பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் கேட்பதில்லை.

சரி, எங்கள் அம்மாவின் கதைக்கு வருகிறேன். அவரிடம் ஒரு பச்சை அட்டை நோட்டு இருக்கிறது. ரேஷன் கடைக் கணக்கு நோட்டு மாதிரி நீளமானது. 11 வருடமாக எழுதுகிறார். எங்கள் டயாலிசிஸ் யூனிட்டில் பெரும்பாலானவர்களுக்கு வாரம் இரண்டு முறைதான், மூன்று முறை வர வசதியும் இல்லை, மெஷினும் இல்லை. திங்கள், வியாழன் வருகிறவருக்கு வியாழனிலிருந்து அடுத்த திங்கள் வரை நான்கு நாள் இடைவெளி. அந்த இடைவெளிக்குப் பிறகு வரும் காலை ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு, நடுவில் வீட்டில் என்ன சாப்பாடு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிவைக்கிறார். ஒரு பக்கத்தைத் திறந்தால் இப்படி இருக்கிறது: "மச்சினி மகள் கல்யாணம், ரெண்டு பந்தி" என்று ஒரு வரி, பக்கத்தில் 6.8, கீழே சிவப்பில் கோடு. இன்னொன்றில், "இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, இரண்டு". அந்த எண்ணை இங்கே எழுத வேண்டாம்.

நீண்ட இடைவெளிக்குப் பிந்தைய நாளில் டயாலிசிஸ் நோயாளிகளின் சாவும் அட்மிஷனும் கூடுகின்றன என்று 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 32,000 பேருக்கும் மேல். அங்கே வாரம் மூன்று முறை. வாரம் இரண்டு முறை மட்டும் வருகிற நம் ஆட்களின் நாலு நாள் இடைவெளியை யார் எழுதுவது? இந்த நோட்டிலிருந்து அம்மா எழுதிய சின்னக் கட்டுரை ஓர் இந்திய இதழில் வந்தது. நேற்றுவரை அதற்கு 6 மேற்கோள். அதில் 1 அவருடையதே. தன் கட்டுரையைத் தானே காட்டியதற்காக அந்த இன்டர்வியூவில் ஒரு உறுப்பினர் உதட்டைச் சுழித்தாராம். ஐயா, இந்த விஷயத்தைத் தொடர்ந்து எழுதுவது அவர் ஒருவர்தான் என்றால், வேறு யாரைக் காட்டுவார்?

நோட்டிலிருந்து இன்னொன்றும் பிறந்தது. பொட்டாசியம் குறையக் காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறைய வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டும், வடித்ததைச் சாம்பாரில் ஊற்றக் கூடாது என்று படம் போட்ட ஒரு பக்கத் துண்டுத் தாள். வடித்த தண்ணீரில்தான் சத்து என்று மாமியார் சொன்னால் என்ன பதில் சொல்வது என்பதுகூட அதில் இருக்கிறது. போன வருடம் பக்கத்து மாவட்டத்தில் உறவினர் ஒருவரைப் பார்க்க ஒரு டயாலிசிஸ் சென்டருக்குப் போனேன். சுவரில் அந்தத் தாள். காப்பிக்குக் காப்பி எடுத்து எழுத்தே மங்கியிருந்தது, கீழே அம்மாவின் பெயரை யாரோ மடக்கிவிட்டு ஜெராக்ஸ் போட்டிருக்கிறார்கள். ஸ்கோபஸில் இதற்குச் சைபர்.

ஆணையத்தாரிடம் தனியாக ஒரு வார்த்தை. 2022-இல் நீங்கள் எழுதிய விதிகளில் அசல் ஆய்வு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் மெட்டா அனாலிசிஸ், சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, பல நோயாளிகளைச் சேர்த்து எழுதும் கேஸ் சீரிஸ் எல்லாம் பதவி உயர்வுக் கணக்கில் வரும், தனி நோயாளி பற்றிய கேஸ் ரிப்போர்ட் வராது என்று வைத்தீர்கள். பெயர் முதல் மூன்றுக்குள் இருக்க வேண்டும், அல்லது இதழோடு கடிதப் போக்குவரத்து வைக்கும் தொடர்பு ஆசிரியராக இருக்க வேண்டும் என்றும் வைத்தீர்கள். குப்பைக் கட்டுரைகளைத் தடுக்கும் நல்ல எண்ணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேரளத்தில் இரும்பன்புளி என்று சொல்லும் பிலிம்பிக்காயைக் கொலஸ்ட்ரால் குறைய என்று சாறு பிழிந்து குடித்து, அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்து, ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததை நினைத்துப் பாருங்கள். 2013-இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் நெஃப்ராலஜியில் 10 நோயாளிகளைச் சேர்த்து எழுதினார்கள், அதனால் அது கணக்கில் வரும் கேஸ் சீரிஸ். அந்தப் பத்தில் முதல் ஆளைப் பார்த்த டாக்டர், மற்ற ஒன்பது பேர் வருகிறவரை காத்திருக்க வேண்டுமா என்ன? காயும் கொல்லைப்புறத்தில் காய்த்துக் கொட்டுகிறது, வாட்ஸ்அப்பில் வைத்தியக் குறிப்பும் வருகிறது. ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதிய எச்சரிக்கைக்கு விலையே இல்லை என்றால் எழுதுகிறவர் ஏன் எழுதுவார்?

முதல் மூன்று பெயர் விதியால் நூலகத்தில் நடக்கும் பஞ்சாயத்தை நீங்கள் பார்த்ததில்லை. கட்டுரை அனுப்புகிற அன்று மூன்றாம் இடத்துக்கு இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவருக்கு அடுத்த மாதம் பிரமோஷன். இன்னொருவர் வேலை செய்தவர். எந்தப் பெயர் நான்காவதாகப் போகும் என்று ஊகிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது. பயோகெமிஸ்ட்ரியில் சாம்பிள் ஓட்டியவரும், புள்ளியியல் பார்த்தவரும் பெரும்பாலும் நான்கு, ஐந்துதான்.

சென்னையில் டாக்டர் எம்.கே. மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் செய்ததை இந்தப் படிவத்தில் எங்கே எழுதுவது என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். சுமார் 25,000 பேர் வாழும் கிராமப்புறம். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, சிறுநீரை வாங்கி, சல்ஃபோசாலிசிலிக் அமிலம் ஊற்றிப் புரதம், பெனடிக்ட் கரைசலில் சூடாக்கிச் சர்க்கரை. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாவதைப் பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் பார்த்ததுதான். பிடிபட்டவர்களுக்கு விலை குறைந்த மாத்திரைகளில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தினார்கள். இது 2003-இல் கிட்னி இன்டர்நேஷனலின் இணைப்பிதழில் வந்தது. இணைப்பிதழ் என்றால் பாதி மார்க் என்று ஒரு குழுவில் சொன்னதைக் காதால் கேட்டவன் நான். டயாலிசிஸுக்குப் போகாமல் நின்றவர் யாருக்கும் மேற்கோள் எழுதமாட்டார்.

இன்னும் ஒன்று, காலம். ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற பொருளைப் பிரித்தது 1835-இல். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது என்று ஃபான் மேரிங் காட்டியது 1886-இல். அதைச் சர்க்கரை நோய் உள்ள எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ச்சி நடந்தது 1987-இல். அந்த வழியில் வந்த மாத்திரைகள் இதயத்தைக் காக்கின்றன என்று 2015-இலும், சிறுநீரகத்தையும் காக்கின்றன என்று 2019, 2020-இலும் பெரிய ஆய்வுகள் வந்தன. இப்போது நம் தெரு மெடிக்கல் கடையில் அவற்றில் ஒன்றான டாபாகிளிஃப்ளோசின் பல கம்பெனிப் பெயர்களில் கிடைக்கிறது, 2020-இல் காப்புரிமை முடிந்ததும் விலையும் சரிந்தது. 1987-இல் எலியின் சிறுநீரை அளந்துகொண்டிருந்தவரிடம் மூன்று வருட மேற்கோள் எவ்வளவு என்று கேட்டிருந்தால்?

தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வெளிவரும் நாளில் கல்லூரி வாசலில் பிளெக்ஸ் கட்டுகிறார்கள். அது விருது இல்லை. ஸ்டான்ஃபோர்டின் அயோனிடிஸும் சகாக்களும் ஸ்கோபஸ் தரவை வைத்துப் போட்ட கணக்கு. அதை உருவாக்கியவர்கள் உங்களைவிடக் கவனமானவர்கள்: தனியாக எழுதியதா, முதல் பெயரா, கடைசிப் பெயரா என்று பிரிக்கிறார்கள், சுயமேற்கோளைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு பட்டியல் தருகிறார்கள். பிளெக்ஸில் அந்த இரண்டாவது பட்டியல் வருவதை நான் இன்னும் பார்க்கவில்லை.

2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆட்கள், ஆளை எடைபோட இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு பிரகடனமே எழுதினார்கள். அதில் உலகெங்கும் கையெழுத்து விழுந்தது. நான் பிரகடனம் எதுவும் கேட்கவில்லை. கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். அவருடைய மூன்று கட்டுரைகளை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, குழுவில் ஒருவராவது படித்துவிட்டு வாருங்கள். மூன்று கட்டுரை படிக்க ஒரு மாலை போதும், டீ நான் வாங்கித் தருகிறேன். இதில் நீங்கள் என்ன செய்தீர்கள், யார் ரத்தம் எடுத்தார், யார் கணக்குப் போட்டார் என்று கேளுங்கள். வேலை செய்தவர் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார். பெயர் மட்டும் போட்டவருக்கு இரண்டாவது கேள்வியிலேயே தண்ணீர் தாகம் எடுக்கும். எண் வேண்டும் என்றால் எங்களிடம் கேளுங்கள், எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எத்தனை பேர் எழுதியதில், எத்தனையாவது பெயர் என்று விவரத்தோடு தருகிறோம். திரும்பப் பெற்ற கட்டுரை ஏதாவது உண்டா என்றும் பார்த்துச் சொல்கிறோம். இதுவரை எந்தக் குழுவும் அதை எங்களிடம் கேட்டதில்லை.

வியாழக்கிழமை நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு விதிமீறல் என்று மெமோ வந்தால் காரணம் தெரிந்திருக்கட்டும். கட்டத்தில் "இணைப்பு பார்க்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இணைப்பு 7 பக்கம். மூன்று தளங்களின் மூன்று எண்களும், தேதியும், மூன்று பெயர்கள் ஒன்றான கதையும் முதல் நான்கு பக்கத்தில். ஐந்தாவதில் அந்தத் துண்டுத் தாள், சுவரில் நான் பார்த்த மங்கிய காப்பியே, போனில் எடுத்த படம். கடைசி இரண்டு பக்கம் பச்சை நோட்டின் ஜெராக்ஸ், நோயாளி பெயர்களை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருக்கிறேன். கையெழுத்து டாக்டர் கையெழுத்துதான், உங்களுக்கே படிக்க முடியாவிட்டால் நூலகத்துக்குப் போன் போடுங்கள். காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை இருப்பேன், வரி வரியாக வாசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவக் கல்லூரி நூலகர்